ஹைபர்னேஷனை அணைத்து டிஸ்க்கில் இடம் பிடித்த அலுவலகம்: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

தமிழ்நாட்டின் மாவட்டத் தலைநகர் ஒன்றில் உள்ள சிறிய வரி ஆலோசகர் அலுவலகம். ஜிஎஸ்டி தாக்கல், வருமான வரி, சில கடைகளுக்கும் ஒரு நூற்பாலைக்கும் கணக்கு எழுதுவது என்று வேலை. கணினி பராமரிப்புக்கென்று தனி ஆள் கிடையாது. பழுது வந்தால் வெளியிலிருந்து கூப்பிடுவார்கள். அப்படிக் கூப்பிடப்படுகிறவன் நான். இதில் வரும் யாருடைய பெயரும் ஊரும் சொல்லப்படவில்லை. அவர்கள் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன்.

அங்கே இருப்பவை ஐந்து இயந்திரங்கள். ஆலோசகரின் லேப்டாப்: 16 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி. டேலி என்ற கணக்கு மென்பொருளின் டேட்டா இருக்கும் டெஸ்க்டாப். அலுவலகத்தில் அதை 'சர்வர்' என்பார்கள்: 16 ஜிபி ரேம், 240 ஜிபி எஸ்எஸ்டி. கணக்கு எழுதும் இரண்டு பெண்களுக்கு ஆளுக்கொரு டெஸ்க்டாப்: 8 ஜிபி ரேம், 120 ஜிபி எஸ்எஸ்டி. வரவேற்பு மேஜையில் பழைய டெஸ்க்டாப்: 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்டு டிஸ்க். எல்லாவற்றிலும் விண்டோஸ் 10 அல்லது 11. டெஸ்க்டாப்புகளுக்கு ஒரு பொது யுபிஎஸ் உண்டு. அதன் பேட்டரி வயதானது. கணினிகளோடு யுஎஸ்பி கேபிளால் இணைக்கப்பட்டதும் இல்லை.

சர்வரில் சி டிரைவின் கோடு சிவப்பாகி, விண்டோஸ் அப்டேட் இடம் போதவில்லை என்று நின்றுவிட்டதில்தான் இது தொடங்கியது.

எல்லா இயந்திரத்திலும் ஒரே கட்டளை

ஆலோசகரின் அக்கா மகன் பொறியியல் கல்லூரி மாணவர். விடுமுறைக்கு வந்திருந்தவர், "நான் பார்க்கிறேன் மாமா" என்று உட்கார்ந்தார். மறைந்திருக்கும் ஃபைல்களைக் காட்டும்படி மாற்றிப் பார்த்ததில், சி டிரைவின் வாசலிலேயே ஹைபர்ஃபில்.சிஸ் என்ற பெயரில் 16 ஜிபி-யைத் தொடும் ஒரு ஃபைல் உட்கார்ந்திருந்தது. டெலீட் செய்தால் ஃபைல் பயன்பாட்டில் இருக்கிறது என்று மறுத்தது. இணையத்தில் தேடி, அட்மினிஸ்ட்ரேட்டராகக் கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து, மின்சார அமைப்புகளை மாற்றும் பவர்சிஎஃப்ஜி கட்டளையால் ஹைபர்னேட்டை, அதாவது திறந்திருப்பதை டிஸ்க்கில் எழுதிவிட்டுக் கணினி அணைந்துகொள்ளும் வசதியை, ஆஃப் செய்தார். ஃபைல் அந்த நொடியே காணாமல் போனது, 16 ஜிபி இடம் வந்தது, அப்டேட்டும் முடிந்தது.

இதுவரை செய்ததில் எந்தப் பிழையும் இல்லை. ஹைபர்ஃபில்.சிஸ்ஸை நீக்க முறையான வழி அந்தக் கட்டளைதான். இரவு பகலாக ஓடும், ஒருபோதும் தூங்காத சர்வருக்கு ஹைபர்னேஷன் தேவையும் இல்லை.

கிடைத்த வெற்றியில் அதே கட்டளையை மற்ற நான்கிலும் ஓட்டினார். லேப்டாப்பில் 6 ஜிபி-க்குச் சற்று மேல், கணக்கு டெஸ்க்டாப்புகளில் தலா 3 ஜிபி, வரவேற்பில் 4 ஜிபி மிச்சமானது. 500 ஜிபி-யில் பாதிக்கு மேல் காலியாகக் கிடந்த வரவேற்பு இயந்திரத்துக்கு அந்த 4 ஜிபி எதற்கு என்று யாரும் கேட்கவில்லை.

அந்த ஃபைல் செய்யும் வேலை

ஹைபர்னேட் செய்யும்போது ரேமில் இருப்பதை விண்டோஸ் இந்த ஃபைலில் எழுதிவிட்டு மின்சாரத்தை முழுவதும் துண்டித்துக்கொள்கிறது. மறுபடி ஆன் செய்தால் ஃபைலிலிருந்து ரேமுக்குத் திரும்ப ஏற்றி, விட்ட இடத்தில் தொடர்கிறது. சுருக்கி எழுதுவதால் ரேம் அளவுக்கு முழு இடம் தேவையில்லை. விண்டோஸ் 7 காலத்தில் ரேமில் 75 சதவீதம் ஒதுக்கப்பட்டது. விண்டோஸ் 10, 11-இல் வழக்கமான ஒதுக்கீடு 40 சதவீதம். 16 ஜிபி லேப்டாப்பில் 6 ஜிபி சொச்சம் இருந்தது அதனால்தான். அதே ரேம் உள்ள சர்வரில் 16 ஜிபி இருந்ததே ஒரு தடயம். யாரோ கைவைத்து அளவைக் கூட்டியிருக்கிறார்கள். விண்டோஸின் அமைப்புகள் பதிவாகும் ரெஜிஸ்ட்ரியில் பார்த்தபோது சதவீத மதிப்பு 100 என்றே இருந்தது. முன்பு அங்கே இயந்திரங்களை நிறுவிக்கொடுத்தவர் சர்வரிலும் வரவேற்பு இயந்திரத்திலும் அப்படி வைத்துப் போயிருந்தார்.

இந்த ஃபைலை டி டிரைவுக்கு மாற்ற முடியாதா என்று கேட்பவர்கள் உண்டு. ரேம் போதாதபோது துணைக்கு வரும் பேஜ்ஃபைலை மாற்றலாம். ஹைபர்ஃபில்.சிஸ் விண்டோஸ் இருக்கும் டிரைவிலேயேதான் இருக்க வேண்டும்.

ஹைபர்னேட் பட்டனை ஒருநாளும் அழுத்தாதவர்களின் கணினியிலும் இந்த ஃபைலை நம்பி மூன்று ஏற்பாடுகள் ஓடிக்கொண்டிருக்கலாம். 2012-இல் வெளியான விண்டோஸ் 8 முதல் உள்ள ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் ஒன்று: ஷட்டவுன் கொடுக்கும்போது நம் புரோகிராம்களை மூடிவிட்டு, விண்டோஸின் உட்கருவான கெர்னலை மட்டும், அடுத்த முறை சீக்கிரம் எழுவதற்காக, இந்த ஃபைலில் உறையவைக்கும். டெஸ்க்டாப்புகளில் உள்ள ஹைப்ரிட் ஸ்லீப் இன்னொன்று: ரேமுக்கு மட்டும் மின்சாரம் விட்டுத் தூங்கும் ஸ்லீப்புக்குப் போகும்போதே ரேமின் நகலை டிஸ்க்கிலும் எழுதிவைத்துக்கொள்ளும். மூன்றாவது, லேப்டாப் ஸ்லீப்பில் இருக்கும்போது பேட்டரி தீரும் நிலை வந்தால் தானாக ஹைபர்னேட்டுக்கு இறங்குவது. அந்த ஒரு கட்டளை மூன்றையும் சேர்த்தே அணைத்துவிடும். கட்டளை ஓடி முடிந்ததும் இதைப் பற்றி ஒரு வரி எச்சரிக்கைகூட விண்டோஸ் காட்டுவதில்லை. எனக்கு அதில் நீண்டநாள் குறை உண்டு.

அடுத்த வாரங்களில்

முதலில் முறையிட்டது வரவேற்பில் இருப்பவர். காலையில் ஆன் செய்துவிட்டு, கூட்டிப் பெருக்கி, சாமி படத்துக்குப் பூ வைத்து முடித்த பிறகும் டெஸ்க்டாப் வரவில்லை என்றார். ஹார்டு டிஸ்க் இயந்திரம். ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் போனதும் ஒவ்வொரு காலையும் கெர்னலை முதலிலிருந்து ஏற்ற வேண்டியிருந்தது. எஸ்எஸ்டி உள்ள இயந்திரங்களில் அந்த வித்தியாசம் சில நொடிகள்தான், யாரும் கவனிக்கவில்லை. வரவேற்பில் மட்டும் கம்ப்யூட்டர் பழசாகிவிட்டது என்று முடிவுகட்டி, புதிது வாங்க விலை விசாரிக்கும் அளவுக்குப் போயிருந்தார்கள்.

கணக்குப் பகுதியில் மூத்தவருக்கு வேறு தொல்லை. மதியம் சாப்பிடப் போகும்போது எதையும் மூடாமல் எழுந்து போவது அவர் வழக்கம்; அரை மணியில் இயந்திரம் ஸ்லீப்புக்குப் போய்விடும். யுபிஎஸ் பேட்டரி பலவீனம் என்பதால், கரண்ட் போய் மாறும் அந்த இமைப்பொழுதில் சில சமயம் டெஸ்க்டாப்புகள் அணைந்துவிடும். முன்பெல்லாம் அப்படி ஆனாலும் திரும்ப ஆன் செய்தால் திறந்த ஷீட்டுகள் அப்படியே இருந்தன. இப்போது விண்டோஸ் முதலிலிருந்து தொடங்குகிறது, ஷீட்டுகள் இல்லை. "முன்னாடி இப்படி ஆனதே இல்ல சார்" என்று அவர் சொன்னதை ஆலோசகர் நம்பவில்லை. அவர் சொன்னது உண்மை. ஹைப்ரிட் ஸ்லீப் அதுவரை அவரை ஓசையில்லாமல் காப்பாற்றிக்கொண்டிருந்தது.

இரண்டு முறையீடுகளையும் யாரும் அந்தக் கட்டளையோடு சேர்த்துப் பார்க்கவில்லை. இடையில் வாரங்கள் ஓடிவிட்டன. செய்த மாணவரும் கல்லூரிக்குத் திரும்பிவிட்டார்.

லேப்டாப் அணைந்த இரவு

என்னை அழைக்கக் காரணமானது லேப்டாப். மாதத்தின் 14-ஆம் தேதி வாக்கில் ஜிஎஸ்டிஆர்-2பி (விற்றவர்கள் தாக்கல் செய்த பில்களிலிருந்து வரும் பட்டியல்) வந்துவிடும். 20-ஆம் தேதிக்குள் 3பி எனும் மாதாந்திர வரிப் படிவம் தாக்கல். நடுவில் உள்ள நாட்கள்தான் இந்தத் தொழிலில் மூச்சுமுட்டும் நாட்கள். நூற்பாலையின் கொள்முதல் பதிவேட்டை 2பி-யோடு ஒப்பிட்டு, உள்ளீட்டு வரி வரவில் (கொள்முதலில் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளும் தொகை) விட்டுப்போனவற்றை ஒரு பெரிய எக்ஸெல் ஷீட்டில் ஆலோசகர் குறித்துக்கொண்டிருந்தார். அன்று அந்தப் பகுதியில் மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு. காலை 9 முதல் மாலை 5 வரை கரண்ட் இல்லை. பகல் முழுக்க லேப்டாப் பேட்டரியில் ஓடியது. மாலையில் மில்லுக்குப் போக நேரமாகிவிட்டது என்று, ஷீட்டைத் திறந்தபடியே மூடியைச் சாத்திப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார். மில்லில் பேச்சு நீண்டது. லேப்டாப்பை வெளியே எடுக்கவில்லை. இரவு வீட்டிலும் அது பைக்குள்ளேயே கிடந்தது.

காலையில் பவர் பட்டனுக்கு அசைவில்லை. சார்ஜர் செருகி ஆன் செய்ததும் விண்டோஸ் புதிதாகத் தொடங்கியது. அவ்வப்போது தானாக நகல் சேமிக்கும் எக்ஸெல்லின் ஆட்டோரெக்கவர் இருந்தால் பெரும்பகுதி மீண்டிருக்கும். சேமிக்கும் ஒவ்வொரு முறையும் பெரிய ஷீட் உறைகிறது என்று அதை அவரே அணைத்து வைத்திருந்தார். கடைசியாகக் கையால் சேமித்தது முந்தைய நாள் காலை. ஒரு முழுப் பகல் வேலை போயிற்று.

பார்த்தவை

லேப்டாப்பில், நடந்தவற்றை விண்டோஸ் குறித்துவைக்கும் ஈவென்ட் வியூவரில் கெர்னல்-பவர் 41 பதிவாகியிருந்தது. முறையாக ஷட்டவுன் ஆகாமல் நின்ற இயந்திரம் மறுபடி எழும்போது எழுதும் பதிவு அது. கெர்னல்-பூட் 27 என்ற பதிவில் பூட் வகை 0. அதாவது வெறும் தொடக்கம். ஹைபர்னேட்டிலிருந்து எழுந்திருந்தால் 2 என்றும், ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பாக இருந்தால் 1 என்றும் இருக்கும். பழைய பதிவுகளைப் பின்னோக்கிப் பார்த்தால் 1-ம் 2-ம் கலந்து வந்துகொண்டிருந்து, ஒரு குறிப்பிட்ட தேதிக்குப் பிறகு எல்லாமே 0. மற்ற இயந்திரங்களிலும் அதே தேதியில் அதே மாற்றம். என்ன நடந்தது என்று யாரையும் கேட்கும் முன்பே அந்தத் தேதி சொல்லிவிட்டது.

பவர்சிஎஃப்ஜி கட்டளையோடு ஏ என்ற எழுத்தைக் கொடுத்தால், அந்த இயந்திரம் எந்தெந்த விதமாகத் தூங்கும் என்று பட்டியல் வரும். லேப்டாப்பில் எஸ்0 எனப்படும் மாடர்ன் ஸ்டாண்ட்பை மட்டும் இருந்தது. ஹைபர்னேஷன் இயக்கப்படவில்லை என்று அதற்குக் கீழே. இந்த வகை லேப்டாப்புகளில் மூடியைச் சாத்தினாலும் இயந்திரம் அரைத்தூக்கத்தில்தான் இருக்கும். செல்போன் போல, அவ்வப்போது நெட்வொர்க்கைத் தொட்டு மெயில் பார்க்கும். பேட்டரி கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். ஓரளவு இறங்கியதும் ஹைபர்னேட்டுக்குப் போய் உயிரைப் பிடித்துக்கொள்வதுதான் இதற்கு விண்டோஸ் வைத்திருக்கும் ஏற்பாடு. அந்தப் படி எடுக்கப்பட்டிருந்ததால் பேட்டரி அடிமட்டம் வரை தேய்ந்து நின்றுபோனது. பேட்டரி மிகக் குறையும்போது என்ன செய்ய வேண்டும் என்ற அமைப்பிலும் ஹைபர்னேட் என்ற தேர்வே மறைந்துபோயிருந்தது.

இடம் எங்கே போயிருந்தது

இத்தனைக்குப் பிறகும் லேப்டாப்பில் இடம் நெருக்கடிதான். 238 ஜிபி-யில் 12 ஜிபி போலத்தான் காலி. செட்டிங்ஸில் சிஸ்டம், ஸ்டோரேஜ் என்று போய் ஒவ்வொரு வகையாகத் திறந்து பார்த்தோம். டேலி பேக்கப் நாளுக்கு ஒரு ஃபோல்டராக ஆண்டுக்கணக்கில் லேப்டாப்பின் டெஸ்க்டாப் திரையில் சேர்ந்திருந்தது: 60 ஜிபி-க்கு மேல். அவுட்லுக் மெயில் ஃபைல் 20 ஜிபி-யைத் தாண்டியிருந்தது. டவுன்லோட்ஸில் வாடிக்கையாளர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பிய பில் படங்களும், ஒரே பிடிஎஃப்-பின் ஒன்று, இரண்டு, மூன்று என்று அடைப்புக்குறி போட்ட பிரதிகளும். இவற்றுக்குப் பக்கத்தில் 6 ஜிபி ஹைபர்னேஷன் ஃபைல் ஒரு பொருட்டே இல்லை. ஆனால் பெயர் புரியாத ஃபைல்தான் முதலில் கண்ணை உறுத்துகிறது; தெரிந்த ஃபோல்டர்கள் எவ்வளவு பெருத்தாலும் அவை வேலைக்கானவை என்று தோன்றிவிடுகிறது.

அந்தப் பேக்கப்புகள் இருந்த இடமே இன்னொரு கவலை. வெளி ஹார்டு டிஸ்க்கில் பிரதி எதுவும் கிடையாது.

கணக்கு டெஸ்க்டாப் ஒன்றில், வேலையை விட்டுப் போன ஒருவரின் யூசர் கணக்கு அப்படியே இருந்தது. அதில் மட்டும் 14 ஜிபி.

எடுத்த முடிவுகள்

ஐந்துக்கும் ஒரே விடை என்பதை முதலில் கைவிட்டோம். ஒவ்வொன்றும் எப்படித் தூங்குகிறது, கரண்ட் போனால் என்ன ஆகிறது, இடம் உண்மையிலேயே தேவையா என்ற வரிசையில் கேட்டு முடிவெடுத்தோம்.

லேப்டாப்பில் ஹைபர்னேஷனை முழு வகையாகவே (ரேமில் இருப்பதையெல்லாம் எழுதும் வகை) மீண்டும் இயக்கினோம். இதைப் பற்றி விவாதிக்க எதுவும் இல்லை. பையில் சுமக்கும் மாடர்ன் ஸ்டாண்ட்பை லேப்டாப்பில் இதை அணைப்பது எந்த இட நெருக்கடிக்கும் ஈடல்ல என்பது என் கருத்து. பேட்டரியில் இருக்கும்போது மூடியைச் சாத்தினால் நேரடியாக ஹைபர்னேட், சார்ஜரில் இருக்கும்போது ஸ்லீப் என்று வைத்தோம். திறக்கும்போது கொஞ்ச நேரம் பிடிக்கும். எஸ்எஸ்டியில் அது பெரிதில்லை. தினமும் இத்தனை ஜிபி எழுதினால் எஸ்எஸ்டி தேய்ந்துவிடாதா என்று ஆலோசகர் கேட்டார். நாளுக்கு ஒருமுறை இரண்டுமுறை என்றால், டிஸ்க்கின் ஆயுளுக்குள் அந்தக் கணக்கு பயப்படும் அளவுக்கு வராது.

இன்னொரு விஷயத்தை நானாகவே எடுத்தேன். ஹைபர்னேட் செய்தால் அந்த நேரம் ரேமில் இருப்பவை, திறந்திருந்த வாடிக்கையாளரின் பான் எண், வங்கி விவரம் உட்பட, டிஸ்க்கில் எழுதப்படும். டிஸ்க் என்கிரிப்ட் (சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டுவது) செய்யப்படாமல் இருந்து லேப்டாப் தொலைந்தால், அந்த ஃபைலிலிருந்து தகவலைத் தோண்டி எடுக்கக் கருவிகள் உண்டு. அதனால் லேப்டாப்பில் டிவைஸ் என்கிரிப்ஷனை இயக்கி, ரெக்கவரி கீயைத் தாளில் அச்செடுத்து அலுவலகப் பீரோவில் வைத்தோம். கீயை அதே லேப்டாப்பில் சேமித்து வைப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். பூட்டுக்குள் சாவியை வைத்துப் பூட்டுவது அது.

சர்வரில் ஹைபர்னேஷன் ஆஃப் ஆகவே இருக்கட்டும் என்று விட்டோம்.

வரவேற்பு இயந்திரத்துக்கு ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் மட்டும் போதும். அதற்கென்றே குறைந்த வகை ஒன்று இருக்கிறது. ரேமில் 20 சதவீதம்தான் எடுக்கும், கெர்னலை மட்டும் வைத்துக்கொள்ளும், முழு ஹைபர்னேட் செய்யாது. கட்டளையைக் கொடுத்தபோது ஏற்கவில்லை. பழைய 100 சதவீத அளவுதான் காரணம். கையால் அளவு வைத்த ஃபைலை விண்டோஸ் முழு வகை என்றே கொள்ளும். முதலில் அளவை 0 என்று கொடுத்து, பொறுப்பை விண்டோஸிடமே திருப்பிவிட்ட பிறகு குறைந்த வகைக்கு மாறியது. குறைந்த வகைக்கு மாற்ற முடியவில்லை என்று தவிப்பவர்கள் பலருக்கும் சிக்கல் இந்த இடத்தில்தான்.

மூத்த கணக்காளரின் டெஸ்க்டாப்பில் முழு வகையை இயக்கி, பவர் அமைப்பில் ஹைப்ரிட் ஸ்லீப்பும் ஆன் ஆகியிருக்கிறதா என்று பார்த்தோம். 111 ஜிபி காட்டும் டிரைவில் 3 ஜிபி கொடுப்பது அவருக்கே தயக்கமாக இருந்தது. பழைய யூசர் கணக்கை, உள்ளே இருந்த ஃபைல்களை எடுத்துவைத்துவிட்டு நீக்கியதும் அந்தத் தயக்கம் போயிற்று. இளையவர் மாலையில் முறையாக ஷட்டவுன் செய்கிறவர், மதியமும் சேமித்து மூடிவிட்டுத்தான் எழுவார். அவர் இயந்திரத்தில் ஆஃப் ஆகவே விட்டோம். யுபிஎஸ் பேட்டரியை மாற்றுவதுதான் இந்த இருவருக்கும் சரியான மருந்து என்று எழுதிக் கொடுத்தேன்.

இடத்துக்கு: டேலி பேக்கப்புகள் இரண்டு வெளி டிஸ்க்குகளுக்குப் போயின, ஒன்று ஆலோசகர் வீட்டில் இருக்கும். அவுட்லுக் ஆஃப்லைனில் வைக்கும் காலத்தை ஓராண்டாகக் குறைத்தோம்; பழைய மெயில் மெயில்சர்வரில் இருக்கிறது. டவுன்லோட்ஸை ஸ்டோரேஜ் சென்ஸிடம் விடவில்லை. வாடிக்கையாளர் அனுப்பிய ஒரே பிரதி அங்கேதான் கிடக்கிறது என்ற நிலையில், தானாக அழிக்கும் வசதியை அந்த ஃபோல்டருக்குக் கொடுப்பது ஆபத்து. அதை அவர்களே உட்கார்ந்து பிரித்தார்கள்.

பிறகு

லேப்டாப்பில் 90 ஜிபி வரை காலியானது, ஹைபர்னேஷன் ஃபைல் தன் இடத்தில் இருக்கும்போதே. அடுத்த பராமரிப்பு நாளிலும் ஆலோசகர் அதேபோல ஷீட்டை மூடாமல்தான் லேப்டாப்பைப் பையில் போட்டார். காலையில் ஷீட் இருந்தது. ஆட்டோரெக்கவரையும் இயக்கச் சொன்னேன். ஷீட்டை மாதவாரியாகப் பிரித்துத் தந்த பிறகுதான் சம்மதித்தார்.

வரவேற்பு இயந்திரம் பழைய வேகத்துக்குத் திரும்பியது. புதிது வாங்கும் பேச்சு நின்றது. எஸ்எஸ்டி ஒன்று போட்டால் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பைப் பற்றி யோசிக்கவே வேண்டியிருக்காது என்று சொல்லியிருக்கிறேன், பட்ஜெட்டுக்குக் காத்திருக்கிறது. யுபிஎஸ் பேட்டரியும் அப்படியே.

ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் திரும்பியதில் ஒரு பக்கவிளைவும் வந்தது. வரவேற்பில் பிரிண்டர் ஒருநாள் அடம்பிடித்தது. ஷட்டவுன் செய்து ஆன் செய்தும் சரியாகவில்லை என்றார்கள். ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் இருக்கும்போது ஷட்டவுன் கெர்னலைப் புதுப்பிப்பதில்லை. டாஸ்க் மேனேஜரில் அப்டைம் பல நாட்களாக ஓடிக்கொண்டிருக்கும். ரீஸ்டார்ட் கொடுத்ததும் பிரிண்டர் வேலை செய்தது. 'கோளாறு என்றால் ரீஸ்டார்ட், ஷட்டவுன் போதாது' என்று ஒரு சீட்டு மானிட்டரில் ஒட்டப்பட்டது.

மாற்ற வேண்டியவை

மாணவர் மேல் இதில் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சர்வரில் அவர் எடுத்த முடிவைத்தான் நாங்களும் வைத்துக்கொண்டோம். செய்ததை எங்கும் எழுதிவைக்காததுதான் வாரக்கணக்கில் காரணம் தெரியாமல் அலையவைத்தது. இப்போது ஒவ்வொரு இயந்திரத்தின் பக்கவாட்டிலும் ஒரு சிறு தாள்: ரேம், டிஸ்க், ஹைபர்னேஷன் முழு வகையா, குறைந்த வகையா, ஆஃபா, யார் எந்தத் தேதியில் மாற்றினார்கள் என்று.

கட்டளையை ஓட்டும் முன் பவர்சிஎஃப்ஜி பட்டியலைப் பார்ப்பதை வழக்கமாக்கச் சொல்லியிருக்கிறேன். எஸ்0 என்று வந்தால் ஹைபர்னேஷனைத் தொடக் கூடாது. விண்டோஸோடு லினக்ஸும் வைத்திருப்பவர்கள் இதற்கு எதிர்ப்பக்கம் யோசிக்க வேண்டியிருக்கும்: உறையவைத்த சி டிரைவை லினக்ஸ் எழுதும்படியாக மவுன்ட் செய்ய மறுக்கும், அப்போது ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பை மட்டும் செட்டிங்ஸில் அணைத்தால் போதும், ஃபைலை நீக்க வேண்டாம். இந்த அலுவலகத்தில் அந்த நிலை இல்லை.

மாற்றிய பிறகு சோதிப்பதும் சேர்ந்தது. டேலி, எக்ஸெல், பிரவுசர் எல்லாம் திறந்து ரேம் நிறைந்திருக்கும்போதே ஒருமுறை ஹைபர்னேட் கொடுத்துப் பார்க்க வேண்டும். 40 சதவீதம் போதாத இயந்திரங்களில் அப்போதே தெரிந்துவிடும், அளவைக் கூட்டலாம். மறுபடி ஆன் செய்ததும் ஈவென்ட் வியூவரில் கெர்னல்-பூட் 27-இன் வகை 2 என்று இருக்கிறதா என்று பார்த்து, தாளில் தேதியோடு குறித்துவிட வேண்டும்.